மஞ்சள் தொப்பி

சர்வேயர் குற்றாலிங்கம் தன்னுடைய அறுபத்தோராவது வயதில் ஒருத்திக்குச் சீடர் ஆனார்.

அவள் பெயர் பிரகாசி. வயது முப்பத்தாறு. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பாவோடு கட்டுமரத்தில் போய்க் கடலைப் படித்தவள். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான்.

அந்த ஊருக்கு இப்போது டவுன்காரர்கள் வருகிறார்கள். கயாக்கில் கடலுக்குள் போய்த் தூண்டில் போட வருகிறார்கள். கயாக் என்பது ஒற்றை ஆள் கால் நீட்டி உட்கார்ந்து போகிற படகு. இரண்டு முனையிலும் மட்டை உள்ள துடுப்பை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஊரில் அதற்குப் பிளாஸ்டிக் வள்ளம் என்று பேர். வருகிறவர்களுக்கு அதையும் கடலையும் சொல்லிக்கொடுப்பது பிரகாசியின் வேலை.

முதல் நாள் குற்றாலிங்கம் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து அவள் கையில் கொடுத்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் பொண்ணு பார்க்க வந்திருக்காரோ என்று ஒருவர் கேட்டார். குற்றாலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளப் போகிற இடத்தில் வயதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர்.

பிரகாசி சிரிக்கவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி. தண்ணிக்குள்ள இறங்கிட்டா நான் சொல்லுததுதான்."

"உன் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாதும்மா," என்றார் அவர்.

சொன்னபடியே நடந்தும் காட்டினார். பின்னால் வந்த கோபத்துக்கெல்லாம் அதுதான் வேர்.

குற்றாலிங்கத்தின் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அதில்தான் கஷ்டமே இருந்தது. போன வருஷம் மார்க்கெட் முக்கில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். முழங்கையில் லேசான சிராய்ப்பு. பெங்களூரிலிருந்து மகள் செண்பகம் ஓடி வந்து, ஸ்கூட்டர் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் சமையலுக்கு ஆள் போட்டாள். அதற்கடுத்த மாதம் வாசல் கேட்டுக்கு மேலே கேமரா வந்தது. அப்பா எத்தனை மணிக்குப் பால் வாங்க வெளியே போனார் என்பது பெங்களூரில் தெரிந்தது.

அன்பினால் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அன்பு என்று தெரிந்துவிட்டால் எதிர்த்துப் பேச வாய் வராது. தொண்டையில் முள் மாதிரி அப்படியே நிற்கும்.

அப்படி இருந்தவர்தான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வள்ளம் வாங்கிவிட்டார். சின்ன வயதில் தாமிரபரணியில் தூண்டில் போட்ட ஞாபகம். போனில் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் செண்பகம் ஒரு முடிவுக்கு வந்தாள். கற்றுக்கொடுக்கிற அந்த அம்மா தன் வாயால், இவர் தனியாகப் போகலாம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிள்ளைகள் தடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் வள்ளத்தை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து கேட்பதாகச் சொன்னாள்.

ஆக, குற்றாலிங்கத்துக்கு வேண்டியது பிரகாசியின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கவிழ்ந்து ஏறச் சொன்னாள். இடுப்பளவு தண்ணீரில் பன்னிரண்டு தடவை கவிழ்ந்து பன்னிரண்டு தடவை ஏறினார். மூக்கு வழியாகக் கடல் உள்ளே போய்க் கண் வழியாக வந்தது. தூண்டில் கொண்டுவரக் கூடாது என்றாள். நாலு நாள் வெறும் துடுப்போடு போனார். அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது என் பின்னாலேயே வாங்க என்றாள். அவள் வள்ளம் கிழித்த கோட்டிலேயே வந்தார், ஒரு முழம் விலகாமல். குமட்டிக்கொண்டு வந்தால் அடிவானத்தைப் பாருங்கள் என்றாள். பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்தார்.

பத்து நாள் ஆயிற்று. தனியாகப் போகலாம் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

இதற்கு நடுவில் மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். தொப்பையும் தொந்தியுமாக வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால் வள்ளமே ஒருதரம் பெருமூச்சு விடும். பிரகாசி எது சொன்னாலும் ஏன், எதுக்கு, வேற மாதிரி செஞ்சா என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் இடது பக்கம் வலிக்கச் சொன்னால், காற்று அந்தப் பக்கம் இருக்கே என்று வலது பக்கம் வலித்தார். அந்த மனுஷனை மூன்றாம் நாளே தனியாகப் போகலாம் என்று அனுப்பிவிட்டாள்.

குற்றாலிங்கத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், வள்ளத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்த பிரகாசியின் முன்னால் போய் நின்றார். மனதில் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். நான் ஒரு நாள் தாமதமாக வந்தேனா, சொன்னதை ஒன்றாவது செய்யாமல் விட்டேனா, எதிர்த்து ஒரு சொல் சொன்னேனா என்று கேட்டார். சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு மூணு நாள், கேட்டவனுக்குப் பத்து நாளா என்று கேட்டார். நாளைக்கு மகள் வருகிறாள், அவளிடம் நான் என்ன மூஞ்சியோடு நிற்பது என்றார். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"என்கிட்ட என்ன குறை கண்டே? அதைச் சொல்லு."

பிரகாசி குழாயை மூடினாள்.

"நாளைக்குக் கடல்ல வச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

மறுநாள் அவள் முதல் பூசை பார்த்துவிட்டு நேராகக் கடற்கரைக்கு வந்தாள். செண்பகம் அதற்கு முன்பே காரில் வந்து காத்திருந்தாள். அப்பாவிடம் மிதவைச் சட்டையின் வாரைப் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றார். பக்கத்தில் வந்து தானே ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் இருக்கா என்று கேட்டாள். வலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலிங்கம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிரகாசி குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். "உங்க சாமியைக் கும்பிட்டுட்டு ஏறுங்க," என்றாள். மஞ்சள் தொப்பியைத் தலையில் இறுக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவர் பின்னால் போனார்.

அரை மணி நேரம் வலித்தார்கள். கடல் அன்று பாய் விரித்த மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் பிரகாசி துடுப்பை மடியில் வைத்தாள்.

அடியில் பார் இருக்கிறது என்றாள். பார் என்றால் கடலுக்குள் இருக்கிற கல்பாறை. மீன் அதைச் சுற்றித்தான் மேயும். பாரை விட்டு விலகினால் வெறும் மணல், அங்கே தூண்டில் போடுவதும் போடாததும் ஒன்றுதான். இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் கரையைப் பார்க்க வேண்டும். மாதா கோவில் சிலுவை ஐஸ் பேக்டரி கூரைக்கு நேர் மேலே நிற்கிறது. தெற்கே தேரி மணல் மேட்டில் இருக்கிற ஒற்றைப் பனை, செல்போன் கோபுரத்தை மறைக்கிறது. இரண்டும் இப்படிச் சேர்ந்தால் நாம் பார் மேலே இருக்கிறோம். இப்படிக் குறி பார்ப்பதற்குக் கணியம் என்று பேர்.

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"முப்பத்துமூணு வருஷம் நெல்லைச் சீமையை அளந்தவன் நான். இதை எனக்கா சொல்லித்தார?"

"அப்ப சுலபம்தான். ஒரு மணி நேரம் இந்த இடத்தை விடாம நில்லுங்க. தூண்டில் போட்டுக்கிடுங்க."

நங்கூரம் போடவா என்று கேட்டார். வேண்டாம், துடுப்பாலேயே நிறுத்துங்கள் என்றாள். பிறகு ஒரு இருபது பாகம், நூற்றிருபது அடி இருக்கும், தள்ளிப் போய், தன்னுடைய தூண்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குற்றாலிங்கம் கரையை ஒருதரம் பார்த்தார். சிலுவை, ஐஸ் பேக்டரி, பனை, கோபுரம். சரி. மீன் பிடிக்கிறவன் கடலைப் பார்க்க வேண்டும் என்று கிழக்கே முகம் வைத்து உட்கார்ந்தார். கரை முதுகுக்குப் பின்னால் போயிற்று.

அடிக்கடி திரும்பிப் பார்க்க அவசியம் இல்லை என்று அவருக்குப் பட்டது. வேலையில் இருந்த காலத்தில் பிச்சைக்கனி என்று ஒரு உதவியாள் உண்டு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பைக் கொடுத்து அதோ அங்கே போய் நில் என்றால், வெயிலில் தார் உருகினாலும் நின்ற இடத்திலேயே நிற்பான். அவனை வைத்துத்தான் அவர் ஊர் ஊராகக் கோடு போட்டார். கம்பு பிடித்த ஆள் நின்றால் போதும், மற்றதெல்லாம் தானாக இடத்தில் விழும்.

மஞ்சள் தொப்பி இடது பக்கம் பளிச்சென்று தெரிந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார். தனக்கும் அவளுக்கும் உள்ள தூரத்தில் அவள் தலை நகத்தின் பாதி உயரம் இருந்தது. மனதில் குறித்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விரலை நீட்டினார். தொப்பி அதே அளவு. அதே பக்கம். ஒரு இம்மி மாறவில்லை. ஜவுளிக்கடைக்காரன் இப்படி நிற்பானா என்று நினைத்துக்கொண்டார். மகள் கரையிலிருந்து பார்க்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் தூண்டில் வளைந்தது. ஆற்று மீன் கெஞ்சுகிற மாதிரி இழுக்கும். இது சண்டைக்கு வந்த ஆள் மாதிரி இழுத்தது. வள்ளத்தின் மூக்கையே திருப்பியது. விட்டுக்கொடுத்து, சுற்றி, மறுபடி விட்டுக்கொடுத்து, கடைசியில் வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஒரு பாரை மீன் மடியில் வந்து விழுந்தது. அவருடைய வாழ்க்கையில் முதல் கடல் மீன். சின்னப் பிள்ளை மாதிரி அதைத் தூக்கி மஞ்சள் தொப்பியை நோக்கிக் காட்டினார்.

பிரகாசி பக்கத்தில் வந்தாள். மீனைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

"நல்ல மீன் அண்ணாச்சி. இப்ப எங்க நிக்கோம்?"

"நீ நிறுத்துன இடத்துலதான்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

கரையைக் காணவில்லை. அப்படித்தான் முதலில் பட்டது. பிறகு கண் பழகித் தெரிந்தது. ஐஸ் பேக்டரி தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. சிலுவை அதை விட்டு எங்கேயோ உடைமரக் காட்டுக்கு மேலே போய் நின்றது. பனையும் கோபுரமும் ஒன்றையொன்று அறியாதவை மாதிரி தனித்தனியாக இருந்தன.

மறுபடி பிரகாசி பக்கம் திரும்பினார்.

"நீ நிக்கலையா?"

"நிக்கேன்னு சொல்லலையே."

"நீ நகந்ததே எனக்குத் தெரியலையே."

"எப்படித் தெரியும்? நீங்களும் கூடத்தான வந்தீங்க. கரைக்காத்தும் நீவாடும் சேந்து ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்திருக்கு." நீவாடு என்றால் அவர்கள் பேச்சில் நீரோட்டம்.

"நீ வாத்தியாரு."

"நீவாடு அதைப் பாக்குமா?"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் கேலியாகத்தான் விழுந்தது. அப்படி ஒரு ஆத்திரம் அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. உன்னை நம்பித்தானே உட்கார்ந்திருந்தேன் என்றார். தாம்பாளம் வைத்துக் கும்பிட்டவனை நட்டநடுக் கடலில் கொண்டுவந்து விட்டிருக்கிறாயே, நீ பெண்பிள்ளையா என்றார். ஏதாவது ஆகியிருந்தால் என்றார். அவள் கழுத்தில் தொங்கின விசிலைத் தொட்டுக்காட்டி, வடக்கே வலை போட்டுக்கொண்டிருந்த தன் அண்ணனுடைய ஃபைபர் படகைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

வள்ளத்தைத் திருப்பினார்.

காற்று எதிர்க்காற்று. துடுப்பு ஒவ்வொரு போடுக்கும் தோளைக் கேட்டது. மெதுவா வாங்க என்று பின்னால் அவள் குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் அந்தத் தொப்பியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உடைமரக் காட்டின் மேல் நின்ற சிலுவையை ஐஸ் பேக்டரி மேலே கொண்டுவரும் வரைக்கும் வடக்கே ஏறினார். வந்ததும் அப்படியே கரையை நோக்கித் திருப்பினார். ஏமாத்துக்காரி என்று ஒரு போடு. திமிர் பிடிச்சவ என்று ஒரு போடு. வள்ளம் தெற்கே சறுக்கினால் சிலுவை கூரையை விட்டுச் சறுக்கியது. மறுபடி ஏற்றினார். மறுபடி சறுக்கியது. மறுபடி ஏற்றினார். பெங்களூர்க் கேமராவுக்கு ஒரு போடு. ஸ்கூட்டர் சாவிக்கு ஒரு போடு. உள்ளங்கையில் தோல் உரிந்து உப்பு எரிந்தது. பனை மெல்ல மெல்லக் கோபுரத்தின் மேல் வந்து மறைத்தது. அதையும் தாண்டி வந்தார். வைவதற்கு ஆளும் பேரும் தீர்ந்துபோய், அதற்குப் பிறகு வெறும் மூச்சு மட்டும் இருந்தது.

அலை உடைகிற இடம் வந்தது. இத்தனை நாளும் மஞ்சள் தொப்பி முன்னால் போகும், அவர் பின்னால் போவார். இன்று முன்னால் யாரும் இல்லை. வள்ளத்தை நிறுத்தினார். ஒரு பெரிய அலை அடியில் புகுந்து போயிற்று. இன்னொன்று. மூன்றாவது. பிறகு கடல் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி கிடந்தது. அந்த இடைவெளியில் எட்டுப் போடு போட்டார். வள்ளத்தின் அடிவயிறு மணலில் உரசியது.

செண்பகம் செருப்போடு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். அழுதிருந்தாள். படகு புள்ளியாகப் போனதைப் பார்த்தேன், போன் அடித்தேன், எடுக்கவில்லை என்று என்னவெல்லாமோ சொன்னாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றார்.

பிரகாசி பின்னால் வந்து சேர்ந்தாள். அவள் வள்ளத்தை இழுத்து மணலில் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். வலைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். குரு என்று நம்பி வந்தவனை இப்படிச் செய்யலாமா என்று அவர்களிடம் நியாயம் கேட்டார். நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஓடுவது எந்த ஊர்ப் படிப்பு என்று கேட்டார். என் பிச்சைக்கனி கால்தூசிக்குப் பெறுவாயா என்று கேட்டார். பிச்சைக்கனி யார் என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. பாரை ரெண்டு கிலோ தேறும் என்று ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

பிரகாசி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்கியபோது கேட்டாள்:

"வரும்போது எதைப் பாத்து வந்தீங்க அண்ணாச்சி?"

"உன்னை எவன் பாத்தான்? சிலுவையையும் ஐஸ் பேக்டரியையும் பாத்து வந்தேன்."

"அலையில?"

"அலையைப் பாத்து வந்தேன்."

பிரகாசி மஞ்சள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டித் தண்ணீரை உதறினாள்.

செண்பகம் நடுவில் வந்தாள். அப்பா சொன்னது முழுக்க அவளுக்குச் சாதகமாக இருந்தது. அது குற்றாலிங்கத்துக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. வழி தப்பினேன், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன் என்று இத்தனை பேருக்கு முன்னால் தன் வாயாலேயே அல்லவா கத்தியிருக்கிறார். கிடைக்க வேண்டிய ஒரு வார்த்தையைத் தானே கடலில் தள்ளிவிட்டார்.  உரிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

செண்பகம் கெட்ட பெண் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். பதில் என்னவென்று தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நீங்களே சொல்லிருங்கக்கா. எங்கப்பா இனிமே கடல்ல தனியாப் போகலாமா?"

பிரகாசி அவருடைய வள்ளத்தைப் பார்த்தாள். அது கிழித்து வந்த கோட்டை அலை அழித்துக்கொண்டிருந்தது.

"போகலாமான்னு இனி என்கிட்ட என்னம்மா கேக்க," என்றாள். "இப்ப தனியாத்தான வந்தாங்க."